குறும்பு என்றால் கோட்டை

பேரன்புக்குரிய தலைவர் அவர்களே, விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் பழைய தலைமையாசிரியர் ஐயா அவர்களே (எண்பதைத் தாண்டியும் அம்மாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்), மைக் கட்டிய தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குறும்பு என்ற சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: அந்தச் சொல்லின் பழைய பொருள், சேட்டை, லூட்டி என்ற பங்காளிச் சொற்கள், அப்புறம் மற்ற மொழிகளில் இதற்கு என்ன பெயர் என்பது.

இன்றைக்குக் குறும்பு என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் 735-ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு.’ அங்கே வருகிற குறும்பு ராஜாவையே அலைக்கழிக்கிறது, கொலை செய்கிறது. பெரிய அரசனுக்கு அடங்காத சின்னத் தலைவர்களைக் குறும்பு என்றார்கள், அவர்கள் இருந்த அரணுக்கும் அதே பெயர். புறநானூற்றின் 21-ஆம் பாட்டில் கானப்பேர்க் கோட்டையைச் சுற்றி ‘அருங்குறும்பு’ இருந்ததாக வருகிறது, அதாவது யாரும் எளிதில் நெருங்க முடியாத அரண். குறும்பு என்றால் கோட்டை! இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சேட்டை வடமொழிச் சரக்கு. சேஷ்டா என்றால் அசைவு, செயல், அவ்வளவுதான். நம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது பிள்ளைகளின் அடங்காத செயல் ஆனது. ‘சேட்டை பண்ணாத சாமி’ என்று அம்மா சொன்னால் அடுத்தது முதுகில் ஓர் அடி. ‘குறும்புக்காரன்’ என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னால் கன்னத்தைக் கிள்ளப் போகிறார். லூட்டியைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வார்: ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். அதன் பொருள் எனக்கு 1974-இல் ஏற்காட்டுச் சாலையில்தான் புரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்று பேர், இரண்டு வாடகை சைக்கிள். ஒரு மணி நேரத்துக்கென்று எடுத்தோம். அஸ்தம்பட்டி தாண்டினோம், கோரிமேடு தாண்டினோம், அடிவாரம் வந்ததும் ஒருவன் ‘ஏரியைப் பாத்துட்டு வந்துரலாமா’ என்றான். இருபது கொண்டை ஊசி வளைவு, கடல் மட்டத்திலிருந்து ஐந்தாயிரம் அடிக்குப் பக்கம் உயரமான மலை, முக்கால்வாசி தள்ளிக்கொண்டேதான் போனோம். ஏரியைப் பார்த்தோம், கையில் காசில்லை, தண்ணீர் குடித்தோம், திரும்பினோம். இறங்கும்போது இரண்டாவது வளைவிலேயே என் சைக்கிளின் பிரேக் கட்டை தேய்ந்து, ரிம்மில் இரும்பு உரசுகிற சத்தம். செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினேன், செருப்பு போனது. அப்போது காப்பித் தோட்டத்துக் காவல்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். திட்டுவார் என்று நடுங்கினோம். அவர் கீழே விழுந்து கிடந்த சில்வர் ஓக் கிளை ஒன்றை இழுத்து வந்து, கேரியரில் சுற்றியிருந்த பழைய ட்யூபை அவிழ்த்து, இலையோடு பின்னால் கட்டிவிட்டு, ‘இப்ப போ கண்ணு, மெதுவா இழுக்கும்’ என்றார். சரசரவென்று கிளை ரோட்டைப் பெருக்கிக்கொண்டே வர, அடிவாரம் வரை அப்படியே இறங்கினோம்.

ஊர் வந்தபோது இருட்டிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் கடையைப் பூட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை. ‘நாளையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வாங்கடா, எல்லா சைக்கிளுக்கும் பிரேக் கட்டை மாத்தணும்’ என்றார். ஒரு மாதம் மாற்றினோம். நான் ஒர்க்‌ஷாப் வைத்துப் பிழைத்தது அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான். ஆடுற மாட்டை ஆடிக் கறந்தார் அந்த மனுஷர்.

நம் முன்னோருக்கும் இது தெரியும். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் சிதைத்தல் என்று ஒன்று இருக்கிறது. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைப் பாட்டுடைத் தலைவனான குழந்தை காலால் எட்டி உதைக்கும், ‘சிதைக்காதே’ என்று அவர்கள் கெஞ்சுவார்கள். தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடும்போதும் குறும்புக்கென்று ஒரு பருவத்தை ஒதுக்கி வைத்தார்கள்.

ஆனால் அந்தக் குழந்தைக்கு உதைக்க மணல் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது? எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானம், நான்கரை மணிக்குப் பூட்டு விழுகிறது. என் பேரன் கேட்டுக்கு வெளியே பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான், அப்புறம் வீட்டுக்கு வந்து போனை எடுக்கிறான். ‘ஒரே சேட்டை’ என்று நாமே திட்டுகிறோம். ஆடுற மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டால் எப்படிக் கறப்பது? குறும்பு என்றால் கோட்டை என்று சொன்னேனே, அந்தக் கோட்டையைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம்.

வட்டாட்சியர் ஐயா, மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்தக் கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், தினமும் திறந்து, ஏழு மணிக்குப் பெருக்கிப் பூட்டித் தருகிறேன். லூட்டியையும் மற்ற மொழிகளையும் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு அந்த மேஜைமேல் இருக்கிறது, பக்கத்திலேயே பேனாவும் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட வேண்டும்.