கொலோனோஸ்கோபி பாதியில நின்னுடுச்சு, அப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போகலாமா?

அடுத்த கேள்வி. "அப்பாவுக்கு 74 வயசு, சர்க்கரை இருக்கு. கொலோனோஸ்கோபி ஆரம்பிச்சு, குடல் சுத்தமாகலைன்னு பாதியிலேயே நிறுத்திட்டாங்க. வலியில கத்திட்டாரு. திரும்ப வரச் சொல்றாங்க, இவர் வரவே மாட்டேங்கிறார். என்ன பண்றது?"

ஆசனவாய் வழியா கேமரா வெச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கறதுதான் கொலோனோஸ்கோபி. அவர் பயப்படறதுல நியாயம் இருக்குங்க. ஆனா பயத்தைப் பேசறதுக்கு முன்னாடி பழைய ரிப்போர்ட்டை எடுங்க. குழாய் எதுவரைக்கும் போச்சுன்னு எழுதியிருப்பாங்க. குடல் எவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு சொல்ற பாஸ்டன் ஸ்கோர் போட்டிருக்கான்னும் பாருங்க. குடலை மூணு பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0-லேருந்து 3 வரைக்கும் மார்க். எந்தப் பகுதியாவது 2-க்குக் கீழ இருந்தா சுத்தம் பத்தலைன்னு அர்த்தம்.

வயசானவங்களுக்குக் குடல் மெதுவாத்தான் நகரும். நாள்பட்ட சர்க்கரை, மலச்சிக்கல் இருந்தா இன்னும் மெதுவு. அதனால 3 நாள் முன்னாடியே கீரை, விதை உள்ள பழம், முழுதானியம் எல்லாம் நிறுத்திடுங்க. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தா, டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும். மலத்தைக் கறுப்பா, பிசின் மாதிரி ஆக்கிக் குடல் சுவர்ல அப்பி வெச்சுடும்.

பேதி மருந்தை, அதான் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர் கரைசலை, முந்தின ராத்திரியே மொத்தமாக் குடிச்சு முடிச்சுடறாங்க. பெரும்பாலும் கோட்டை விடறது இங்கதான். விடியறதுக்குள்ள சிறுகுடல்லேருந்து பித்தம் கலந்த கசடு இறங்கி, வலது பக்கக் குடல்ல படிஞ்சுடும். பாதியை முந்தின சாயங்காலம் குடுங்க. மீதியைப் பரிசோதனைக்கு 5 மணி நேரம் இருக்கறப்போ ஆரம்பிச்சு, 2 மணி நேரத்துக்கு முன்னாடி முடிச்சுடணும். கால் மணிக்கு ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி. குமட்டினா அரை மணி நேரம் விட்டுட்டுத் தொடருங்க, சில்லுன்னு இருந்தா இறங்கும். கடைசியாப் போறது மூத்திரம் மாதிரி தெளிஞ்ச மஞ்சளா இருக்கணும். பழுப்பா, கலங்கலா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுங்க. குடிக்கற அளவு கம்மின்னு சோடியம் பாஸ்பேட் பேதி மருந்து கேட்டு வாங்காதீங்க, இந்த வயசுல கிட்னியைக் கெடுத்துடும்.

ராத்திரி டாய்லெட்டுக்கு ஓடறப்போதான் விழுந்து இடுப்பை முறிச்சுக்கறாங்க. லைட் எரியட்டும், யாராவது கூடவே இருங்க.

மாத்திரை சீட்டை ஒரு வாரம் முன்னாடியே காட்டுங்க. டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையை வழக்கமா 3 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க, இன்சுலினைக் குறைப்பாங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரையை நீங்களா நிறுத்தவே கூடாது.

இப்போ வலி. இடது பக்கம் சிக்மாய்டு குடல், அதாவது பெருங்குடல்ல மலக்குடலுக்கு முன்னாடி வர்ற பகுதி, வளைஞ்சு கிடக்கும். குழாயைத் தள்ளத் தள்ள அங்க வளையம் விழுந்து, குடலைத் தாங்கற ஜவ்வு இழுபடும். வலி அந்த இழுப்புலதான். முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆகியிருந்தா குடல் ஒட்டிட்டு இன்னும் மோசம், அதை மறக்காம சொல்லுங்க. அந்த வளையத்தைப் பிரிக்கக் குழாயைப் பின்னுக்கு இழுத்து நேராக்குவாங்க, நர்ஸ் வயித்தை அமுக்குவாங்க, மல்லாக்கத் திருப்புவாங்க. இந்தத் தடவை மூணு விஷயம் கேளுங்க: மயக்க டாக்டர் கூட இருந்து மயக்கம் குடுப்பாங்களா, குடலை விரிக்கக் காத்துக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு விடுவாங்களா, மெல்லிசான குழாய் இருக்கா. குறட்டை விடறவரா இருந்தா மயக்க டாக்டர்கிட்ட அவசியம் சொல்லணும், மயக்கத்துல மூச்சு தடைபடலாம்.

சி.டி. ஸ்கேன்ல குடல் பார்க்கற வழியும் இருக்கு. ஆனா அதுக்கும் பேதி மருந்து பெரும்பாலும் உண்டு. பாலிப், அதான் குடல் உள்சுவர்ல வளர்ற சின்னக் கட்டி, தெரிஞ்சா எடுக்கறதுக்கு மறுபடி இந்தக் குழாய்தான்.