பெட்டியில் கிடக்கும் இரண்டு சட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டுப் பெட்டியில் இரண்டு பேஸ்பால் சட்டைகள் மடித்துக் கிடக்கின்றன. ஒன்றின் முதுகில் 50, இன்னொன்றில் 11. இரண்டுமே எங்கள் ஊர் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் சட்டைகள், என் மகனுக்கு வாங்கியவை. இப்போது அவனுக்கு அளவு பற்றாது. பற்றினாலும் போட மாட்டான். அந்த எண்களுக்கு உரியவர்கள் இருவரும் இன்று கலிஃபோர்னியாவில் ஆடுகிறார்கள்.

50 என்பது மூக்கி பெட்ஸ். 2011இல், அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில், பதினெட்டு வயதில் இந்த அணி எடுத்த பையன். 2018இல் அவருடைய பேட்டிங் சராசரி .346, அதாவது பத்து வாய்ப்பில் மூன்றுக்கும் மேல் அடித்தார். ஹோம் ரன், நம் சிக்ஸர் போலப் பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது, 32. திருடிய பேஸ், அதாவது பந்து வீசும்போதே ஓடி அடுத்த கட்டத்தைப் பிடித்தது, 30. அந்த ஆண்டு, இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அணி 108 ஆட்டங்களை வென்று, பருவத்தின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரையும் வென்றது. இப்படி ஒருவர் கிடைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் கட்டிக் காப்பார்கள். எங்கள் நிர்வாகம் 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டது.

பேஸ்பாலில் ஐபிஎல் போல ஆண்டுதோறும் ஏலம் கிடையாது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். அதற்கு டிரேட் என்று பெயர். அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு கோடு உண்டு. 2020இல் அது 20 கோடியே 80 லட்சம் டாலர். கோட்டைத் தாண்டினால் லீகுக்கு வரி கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டும் தொடர்ந்து தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி வரியாகப் போய்விடும். பாஸ்டன் 2018, 2019 இரண்டு ஆண்டும் தாண்டியிருந்தது. ஆகவே கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றார்கள். இறங்குவதற்குக் கண்டுபிடித்த வழி பெட்ஸ். போதாதென்று பந்து வீச்சாளர் டேவிட் பிரைஸையும் அவர் சம்பளத்தில் ஒரு பாதியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

அணியின் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி ஒன்றும் அன்றாடங்காய்ச்சி அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியும் அவருடைய குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் நகரின் ஐஸ் ஹாக்கி அணியையும் வாங்கினார்கள்.

பெட்ஸுக்குப் பதிலாக வந்தது மூன்று பேர். அலெக்ஸ் வெர்டூகோ நான்கு பருவம் ஆடினார். பிறகு அவரை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? நியூயார்க் யாங்கீஸுக்கு, எங்கள் பரம எதிரிக்கு! இரண்டாமவர் ஜீட்டர் டவுன்ஸ். யாங்கீஸ் நாயகன் டெரெக் ஜீட்டரின் பெயரை வைத்துக்கொண்டு பாஸ்டனுக்கு வந்தபோதே எனக்குச் சகுனம் சரியாகப் படவில்லை. அவரை 2022 டிசம்பரில் விடுவித்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி, கானர் வாங். பாவம், 2025 பருவம் முழுக்க அவர் மட்டையிலிருந்து ஒரு ஹோம் ரன்கூட வரவில்லை. பெட்ஸோ அங்கே 12 ஆண்டுகளுக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். 2020, 2024, 2025 என்று மூன்று உலகத் தொடர் கோப்பைகள் வாங்கிவிட்டார். 1919 டிசம்பரில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றுவிட்டு, அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்த ஊர் இது. நூறு வருஷம் கழித்தும் பாடம் ஏறவில்லை.

2022 டிசம்பரில் எங்கள் இன்னொரு நட்சத்திரம் ஜாண்டர் போகார்ட்ஸும் சான் டியாகோ அணிக்குப் போனார். பதினாறு வயதில் இந்த அணிக்குள் வந்தவர் அவர். அந்தக் கதையைத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது.

11க்கு வருகிறேன். ரஃபேல் டெவர்ஸ். போகார்ட்ஸ் போன அடுத்த மாதமே, ஊர் கொதிப்பதைப் பார்த்தோ என்னவோ, இவருக்குப் பத்து ஆண்டு, 31 கோடியே 35 லட்சம் டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி, ஒருவராவது நிலைத்தார் என்று அந்தச் சட்டையை வாங்கினேன்.

2025 தொடக்கத்தில் அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்தார்கள். அவர் களத்தில் நின்று காப்பது மூன்றாம் பேஸ். டெவர்ஸ் ஆடியதும் அதே மூன்றாம் பேஸ். வீட்டு மூத்த பிள்ளையிடம் "தம்பிக்கு உன் அறையைக் கொடு, நீ திண்ணையில் படு" என்பதுபோல, இனி நீ களத்தில் நிற்க வேண்டாம், மட்டை பிடிக்க மட்டும் வா என்றார்கள். முகம் சுளித்தார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். மே மாதம் முதல் பேஸ் ஆடும் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்காலில் தசைநாண் அறுந்தது. உடனே, கையுறையை எடு, முதல் பேஸுக்குப் போ என்றார்கள். டெவர்ஸ் முடியாது என்றார். அவர் பக்கமும் பிடிவாதம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோடிகளைக் கொட்டிக் கட்டிவைத்த ஆளிடம் இதைவிடப் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூடவா இல்லை?

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்தியாயிற்று. அன்றைய ஆட்டத்தில் டெவர்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். நாங்கள் பாயசம் வைக்காத குறை. சில மணி நேரத்தில் செய்தி வந்தது: டெவர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு. எஞ்சிய 25 கோடி டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அங்கே போன அடுத்த மாதமே அவர் எங்கே நின்று ஆடினார் என்கிறீர்கள்? முதல் பேஸில்.

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பேசுவது வெறும் புலம்பல். டெவர்ஸ் போன அன்று அணியின் கணக்கு 37 வெற்றி, 36 தோல்வி. பருவம் முடிந்தபோது 89க்கு 73. அவர் இல்லாமலேதான் பிளே ஆஃபுக்குப் போனார்கள். டிரேடை நடத்திய கிரெய்க் பிரெஸ்லோ இதைச் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. டிரேடில் வந்த ஜேம்ஸ் டிப்ஸ் என்ற இளைஞரை ஆறே வாரத்தில் இன்னோர் அணிக்கு, அதுவும் டாட்ஜர்ஸுக்கே கொடுத்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் முணுமுணுக்கலாம்.

முதல் சுற்றில் எதிரே வந்தது யாங்கீஸ். மூன்று ஆட்டத்தில் முதலாவது எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. அக்டோபர் 2, மூன்றாவது ஆட்டம். யாங்கீஸின் கேம் ஷ்லிட்லர் என்ற புதுப் பையன் எட்டு இன்னிங்ஸ் வீசி, பன்னிரண்டு பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினான். எங்களுக்கு ஒரு ஓட்டம்கூட இல்லை. 4க்கு 0. வெளியே தூக்கி அடிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஷ்லிட்லர் பாஸ்டனுக்கு அருகே வால்போல் என்ற ஊரில் வளர்ந்தவர், பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பந்து வீசியவர், 2022 தேர்வில் ஏழாம் சுற்றுவரை யாரும் எடுக்காதவர் என்று வர்ணனையாளர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள்.

மகன் திரும்பிப் பார்த்தான். "அப்பா, அப்போ இவன் நம்ம ஊர்ப் பையன்தானே?"

ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தேன். நன்றி, வணக்கம்.