20 லட்சம் கையில் இருக்கிறது: புதிய செடானா, பழைய பெரிய செடானா?

வணக்கம். காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். பணகுடியில் தொடங்கி ஆரல்வாய்மொழி வரைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று எப்படித் தள்ளும் என்பது இந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். உயரமான வண்டி என்றால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார், தாழ்வானது, தரையை ஒட்டி ஓடும். ஊரே உயரமான வண்டிக்குப் பின்னால் போகும்போது நான் இன்னும் செடான் கட்சியில் இருப்பதற்கு இந்தச் சாலையும் ஒரு காரணம்.

இன்றைக்குப் பேச்சு எங்கள் அத்தானைப் பற்றி. திருநெல்வேலி பேட்டையில் இரும்புக் கடை, வீடு பெருமாள்புரத்தில். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு நெடும்பயணம் நிச்சயம். கையில் 20 லட்சம் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, புது வண்டியா, பழைய பெரிய வண்டியா? ஒரே சொல்லில் சொல்" என்கிறார். ஒரே சொல்லில் சொல்ல முடிந்தால் நான் எதற்கு இந்தக் காற்றில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்?

முதலில் சந்தை நிலவரம். பெரிய செடான் வேண்டும் என்று இன்று ஷோரூமுக்குப் போனால் நடுவில் படிக்கட்டையே காணோம். கீழ்ப்படியில் சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, வெர்ட்டஸ் இருக்கின்றன. எல்லாம் நாலரை மீட்டர் நீளத்தை ஒட்டியவை. மேல்படியில் கேம்ரி, 2024 டிசம்பரில் புதிய கேம்ரி வந்தபோது ஷோரூம் விலையே 48 லட்சம். இடையில் இருந்த சிவிக், கொரோலா ஆல்டிஸ், எலான்ட்ரா, ஆக்டேவியா எல்லாம் 2020க்கும் 2023க்கும் இடையில் ஒவ்வொன்றாக விற்பனையிலிருந்து போய்விட்டன. ஆகவே 20 லட்சத்தில் உண்மையிலேயே பெரிய செடான் வேண்டும் என்பவருக்குப் பழைய வண்டிதான் வழி. புதியது என்றால் நடுத்தர செடானோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அத்தானுடைய கேள்வியே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

புதியதன் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஷோரூம் விலை 16 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி ஏறியது: 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். பதினாறுக்கு 2,88,000 ரூபாய் வரி. காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து தெருவுக்கு வரும்போது ஏறத்தாழ 20. இதில் வரியாகக் கட்டிய பணம் போனது போனதுதான். காப்பீட்டுக்காரர்கள் வண்டியின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கடந்தால் 15 சதவீதம் கழிவு, இரண்டு ஆண்டு கடந்தால் 30, நான்கு ஆண்டு கடந்தால் 50. அந்தக் கழிவு ஷோரூம் விலையில்தான். அதாவது அத்தானின் 20 லட்சம் ஐந்தாவது ஆண்டில் அவர்கள் ஏட்டில் 8 லட்சம். சந்தையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும், ஆனால் திசை இதுதான்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதும் நினைவிருக்கட்டும். முன்பு வரியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து நடுத்தர செடானுக்கு 45, பெரிய செடானுக்கு 48 சதவீதம். இப்போது இரண்டுக்கும் 40. புதிய வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் விற்பவர்களில் பலர் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். "அண்ணாச்சி, நான் வாங்கியது இந்த விலைக்கு" என்று பில்லை எடுத்து நீட்டுவார்கள். அவர் வாங்கிய விலை நமக்கு எதற்கு? இன்றைக்கு என்ன விலை என்பதுதான் பேச்சு.

இப்போது அத்தான் பார்த்து வைத்திருக்கும் பழைய வண்டி. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டருடையது. 2021-ல் பதிவானது, முதல் உரிமையாளர், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். பெயரைச் சொல்லவில்லை, விற்பவருக்குச் சங்கடம். பதினாறரை கேட்கிறார். உட்கார்ந்து பார்த்தேன், பின் இருக்கையில் கால் நீட்டினால் முன் இருக்கையில் முட்டவில்லை. டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு வாழைத்தார், அரிசி மூட்டை எல்லாம் போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். அத்தான் முகத்தில் அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. அக்காள்தான் கேட்டாள்: "அத்தைக்கு முழங்கால் வலி. இவ்வளவு தாழ்வான சீட்டில் இருந்து எப்படி எழுந்திருப்பார்கள்?" நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. செடான் வாங்குகிற எல்லோரும் வீட்டில் மூத்தவர்களை ஒரு தடவை உட்கார வைத்து எழுப்பிப் பார்த்துவிடுங்கள். அத்தை மறுநாள் வந்தார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அந்தத் தடை நீங்கியது.

என்னுடைய முக்கியமான பேச்சு இனிமேல்தான். 28 லட்ச ரூபாய் வண்டியைப் பதினாறுக்கு வாங்கினாலும், அது 28 லட்ச வண்டியாகத்தான் பட்டறைக்குப் போகும். முன் விளக்கு உடைந்தால் 28 லட்ச வண்டியின் விளக்கு விலை. டயர் பதினேழு அங்குலம், அதற்குரிய விலை. கியர் பெட்டியில் எண்ணெய் மாற்றினாலும் அப்படியே. விலை பாதியாகிவிட்டதே என்று பராமரிப்பும் பாதியாகும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே அத்தானிடம் சொன்னேன்: வண்டிக்கு எவ்வளவு கொடுத்தாலும், 2 லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டுவிடுங்கள், அதை வண்டியின் பணம் என்று எண்ணுங்கள். அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை என்றால் பழைய பெரிய வண்டி வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையில் நான் இறங்கி வரவே மாட்டேன்.

சர்வீஸ் எங்கே என்பதும் இதோடு சேர்ந்தது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறதா, அங்கே இந்த மாடலைக் கழற்றிப் பழகிய ஆள் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் மதுரை. போக 150 கிலோமீட்டருக்கு மேல், வரவும் அதே. உற்பத்தி நின்ற மாடலாக இருந்தால், பம்பர், கண்ணாடி, சென்சார் எத்தனை நாளில் வரும் என்று ஸ்பேர் கவுண்டரில் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் கேட்டால் எல்லாமே நாளைக்கே வரும்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் வரை தண்ணீர். ரயில் சந்திப்புப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்பதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின? பாதி பழைய இரும்புக்குப் போயிருக்கும், மீதி சுத்தம் செய்யப்பட்டு, சென்ட் அடிக்கப்பட்டு, எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் அந்த வெள்ளத்துக்கு முந்தைய வண்டி வாங்குகிறவர் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

எப்படிப் பார்ப்பது? கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன், இது என் வண்டியிலேயே காட்டுகிறேன். சீட் பெல்ட்டை மெதுவாக இழுங்கள், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், கடைசி வரை இழுத்துவிடுங்கள். வெளியே தெரியும் பகுதியை எல்லோரும் கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே குறுக்காக ஒரு மண் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து முன் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, அது ஓடும் இரும்புத் தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள். துரு செம்மண் நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்குங்கள், குழியின் மூலையில் விரலை விடுங்கள், வண்டல் இருந்தால் கையில் ஒட்டும். கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். மட்கிய வாடை வந்தால் இறங்கிவிடுங்கள்.

காகிதத்தில் ஒரு தடயம் உண்டு. விற்பவரிடம் 2024-ல் புதுப்பித்த காப்பீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் நோ கிளைம் போனஸ் என்ற வரியைப் பாருங்கள், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடி அது. 2022-ல் 20 சதவீதம், 2023-ல் 25 என்று ஏறி வந்தது 2024-ல் திடீரென்று பூஜ்யமாகி இருந்தால், அந்த ஆண்டு இழப்பீடு வாங்கியிருக்கிறார். எதற்கு என்று கேளுங்கள். டாக்டரின் வண்டியில் அது 35 என்று சரியாக ஏறியிருந்தது, பெல்ட்டும் சுத்தம். ஆனால் டயரில் பார்த்தேன்: பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள், 1421. அதாவது 2021-ன் பதினான்காவது வாரத்தில் தயாரானவை. டயரின் பள்ளங்கள் தேயாமல் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. நான்கையும் மாற்ற வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடையாது.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னும் இரண்டு. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடற்கரையை ஒட்டி நின்ற வண்டியானால் அடிப்பகுதியை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். உப்புக்காற்று அங்கே வேலையைக் காட்டியிருக்கும். செங்கோட்டை தாண்டினால் கேரளம், விலை மலிவாகத் தெரியும். ஆனால் வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரி, புதிய எண் என்று அலைச்சல். 2018 வெள்ளத்தையும் கேரளத்துக்காரர்கள் மறக்கவில்லை. டெல்லிப் பதிவு டீசல் பாதி விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னால், அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால்தான் தள்ளிவிடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தநா 72 என்ற திருநெல்வேலிப் பதிவு எண்ணே நமக்குப் போதும்.

பெட்ரோல் செலவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதை எல்லோரும் பெரிதாக்குகிறார்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். பெரிய வண்டி லிட்டருக்கு 12, நடுத்தரம் 16 என்று வைத்தால் வித்தியாசம் 250 லிட்டர். நூறு ரூபாய்க்கு 25,000. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி வண்டிகள் கட்டாயமாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில் இருந்து. அதற்கு முந்தைய வண்டியானால் எரிபொருள் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பார்த்து, சர்வீஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசி முடித்துவிட்டால் காகித வேலை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். வண்டியின் உரிமை உங்களுக்கு மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். நோ கிளைம் போனஸ் விற்றவருடையது, வண்டியோடு வராது.

சரி, அத்தானுக்கு என்ன சொன்னேன்? மாதம் ஒரு தடவை கோயம்புத்தூரோ சென்னையோ போகிறவருக்கு அந்தப் பெரிய வண்டியே சரி. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால், டவுன் ரத வீதியில் நிறுத்த இடம் தேடி அலைய எதற்கு அவ்வளவு நீளம் என்று கேட்டிருப்பேன், நடுத்தர செடானைப் புதிதாக எடுக்கச் சொல்லியிருப்பேன். விலைப்பேச்சில் டயரைக் காட்டி 15-க்குக் கேட்கச் சொன்னேன்.  "பதினைந்தரைக்குக் கொடுத்தால்?" என்றார். "அப்போது டயர் அவர் செலவு" என்றேன். டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக இருக்கிறார். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது அடிப்பகுதியைப் படம்பிடித்து அடுத்த பதிவில் காட்டுகிறேன்.