எழுதினால்தான் கையெழுத்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'ஊர்ப் பிரச்சினை தீர முதலில் எழ வேண்டியது அரசா, ஊர்மக்களா?' இதுதான் தலைப்பு. ஊர்மக்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய பேராசிரியர் மூன்று கேள்விகளை வீசிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஊரிடம் காசு ஏது? ஊர், ஊர் என்கிறீர்களே, அதில் யாருடைய ஊர்? எல்லாவற்றையும் மக்களே செய்துகொண்டால் அரசு எதற்கு? மூன்றும் நல்ல கேள்விகள். என்னையும் அறியாமல் கைதட்டிவிட்டேன், எங்கள் அணித்தலைவர் இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் எங்கள் ஊர்க் கதை ஒன்று. புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு. கண்மாயில் மடை உடைந்து மூன்று வருடம் ஆயிற்று. பெய்த மழையெல்லாம் உடைப்பு வழியே ஓடிவிடும், தை மாதம் கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் சித்தப்பா திங்கட்கிழமை தவறாமல் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. அரசாங்கம் தன் பெயருக்கு அனுப்பிய முதல் கடிதம் என்று அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார் மனுஷன்.

அப்புறம் ஒரு மே தினத்தன்று கிராமசபை. உங்களுக்கே தெரியும், கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் வர வேண்டும். எங்கள் அளவு ஊராட்சிக்கு 100 பேர். அந்த நூறுக்கு எங்கே போவது? 100 நாள் வேலைக்குப் போகும் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். தீர்மான நோட்டில் முதல் நாளே எல்லாம் எழுதி முடித்திருக்கும். அடியில் கையெழுத்து, ஒரு தேநீர், ஒரு பொட்டலம் காராபூந்தி, கூட்டம் முடிந்தது.

அன்றைக்கு நோட்டு எங்கள் அத்தை கைக்கு வந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் படிக்க ஆரம்பித்தார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கம் முழுக்க. பின்னால் வரிசை நீள்கிறது. "என்னம்மா, போட்டுட்டுக் குடுங்க" என்கிறார்கள். அத்தை நிமிர்ந்து, "இதுல மடையக் காணோமே" என்றார். "அடுத்த கூட்டத்துல எழுதிக்கலாம்மா." "அப்பக் கையெழுத்தையும் அடுத்த கூட்டத்துலயே போட்டுக்கறோம்."

அவ்வளவுதான். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, மறியல் இல்லை. அரை மணி நேரத்தில் மடை நோட்டுக்குள் வந்துவிட்டது.

இந்த அத்தைக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? இங்கேதான் எதிரணி காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அறிவொளி இயக்கம். 1990களின் தொடக்கம். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம். ஆமாம், அரசு முன்னின்று நடத்தியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி தெருவிளக்குக்கு அடியில் அ, ஆ எழுதக் கை பிடித்துக் கொடுத்தது யார்? சம்பளம் வாங்காத தொண்டர்கள், உள்ளூர்ப் பையன்களும் பெண்களும். அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான் சைக்கிளும் வந்தது. பாடம் படித்த பெண்களுக்குச் சைக்கிள் பழகவும் வழி செய்தார்கள். 'பொம்பளை சைக்கிள் ஓட்டினால் ஊர் என்னாகும்' என்று திண்ணையில் உட்கார்ந்து கவலைப்பட்டவர்களுக்குக் குறைவே இல்லை. அந்தக் கேலியைக் காதில் வாங்கிக்கொண்டே, விழுந்து, முட்டி பெயர்ந்து, எழுந்து ஓட்டியதற்கு எந்த அரசாணையும் இல்லை. பழகியவர்கள் ஆயிரம் இரண்டாயிரம் அல்ல, ஒரு லட்சத்துக்கு மேல். கடைகளில் பெண்கள் ஓட்டும் சைக்கிள் தீர்ந்துபோனது, ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியே கேட்டு வாங்கினார்களாம். ஏன்? முன்னால் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம்! எந்தத் திட்ட அறிக்கையில், நடுவர் அவர்களே, இந்த வரி இருந்திருக்கும்?

ஆட்சியர் மாறுதலாகிப் போனார். சைக்கிளுக்கு மாறுதல் உத்தரவு வரவில்லை. எங்கள் அத்தையின் சைக்கிளுக்கு மூன்று முறை டயர் மாற்றியாயிற்று, படிப்புக்கு ஒருமுறைகூட மாற்றவில்லை.

சரி, காசுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்ட வேண்டிய மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மற்ற ஊர்களில் என்ன செய்வோம்? பாதி விளக்கை அணைத்துவிட்டு மீதிப் பாதி தானாகவே அணையக் காத்திருப்போம். ஓடந்துறைக்காரர்கள் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே வாங்கிவிட்டார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சி சேர்த்து வைத்த சொந்தப் பணம். மீதி வங்கிக் கடன். தங்கள் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். மின்வாரியத்திடமிருந்து காசு வாங்கிய ஊர், நடுவர் அவர்களே! நாமெல்லாம் மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்த்தாலே வேப்பிலை தேடுகிற ஆட்கள்.

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாதுதான். ஆனால் அந்த 40 லட்சம் வானத்திலிருந்து விழவில்லை. வரி ஒழுங்காக வசூலானது, வசூலானது எங்கே போனது என்று ஊருக்குத் தெரிந்தது. வரி கட்டாத ஊர் கேள்வி கேட்கக் கூசும். கணக்குச் சொல்லாத ஊராட்சிக்கு எவனும் வரி கட்ட மாட்டான். இந்த முடிச்சை உள்ளூரில்தான் அவிழ்க்க முடியும், கோட்டையில் இருந்து முடியாது.

அடுத்து, 'யாருடைய ஊர்?' பேராசிரியர் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் சொன்னார். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 தொடங்கி பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்கவிடாமல் செய்ததும் 'ஊர்'தானே என்று கேட்டார். உண்மை. நான் இங்கே பழைய ஊர்க்கட்டுப்பாட்டைப் புகழ வரவில்லை. ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிட்ட குடிமராமத்து, குடிமராமத்து என்று உருகுகிறோம், கண்மாயைக் காத்து மடை திறந்துவிட்ட நீர்க்கட்டி என்ற பணியாளரைத் தண்ணீர்ப் பங்கீடு பேசும்போது எந்தத் திண்ணையில் உட்கார வைத்தோம்? நான் சொல்லும் ஊர் அந்தத் திண்ணை இல்லை. திண்ணைக்குக் கீழே நின்றவர்களும் சேர்ந்தது.

மேலூர் பக்கத்து மேலவளவை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் சட்டம் ஒரு நாற்காலியை ஒதுக்கியது. அதில் உட்கார ஆள் வேண்டுமே? மிரட்டல் தெரிந்தே வேட்புமனு போட்டார் முருகேசன், தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அரசு நாற்காலியை மட்டும்தான் கொடுத்தது, அவர் உயிரைக் காக்கவில்லை. அந்த நாற்காலிக்கு அர்த்தம் கொடுத்தது, போட்டியிடத் துணிந்த ஒரு சேரியின் மக்கள். இதை வைத்துக் கைதட்டல் கேட்க எனக்கு மனமில்லை. எதிரணி அடுத்த முறை 'சட்டம் போட்டால் போதும்' என்று சொல்வதற்கு முன் அந்த ஆறு பேரை நினைக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்வி, அரசு எதற்கு? எங்கள் மடையை நாங்கள் சிமெண்ட் குழைத்துக் கட்டிக்கொண்டோம் என்று நான் சொல்லவே இல்லையே! அரசுப் பணத்தில்தான் கட்டினார்கள். எங்கள் வரிப்பணம், எதற்கு விட வேண்டும்? தூர்வாரவும் நீங்களே, பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் நீங்களே என்று மக்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற அரசை நானும் எதிர்க்கிறேன். என் வாதம் ஒன்றுதான்: அரசு வண்டி, ஊர்தான் தார்க்குச்சி. குத்தாமல் நகர்ந்த வண்டியை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஒடிசாவில் நியம்கிரி மலை. பாக்சைட் எடுக்க வேண்டும் என்று பெரிய நிறுவனம் ஒன்று நின்றது, மாநில அரசே அதற்குத் துணை நின்றது. அந்த மலையில் வாழும் டோங்கிரியா கோந்து பழங்குடி மக்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 2013இல் உச்ச நீதிமன்றம் 'கிராமசபைகளைக் கேளுங்கள்' என்றது. பன்னிரண்டு சிறிய ஊர்களில் கூட்டம் நடந்தது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை. நீதிமன்றம்தானே கேட்கச் சொன்னது என்பீர்கள். கேட்டது நீதிமன்றம், சரி. ஒரே குரலில் பதில் சொல்ல அந்தப் பன்னிரண்டு ஊரையும் பழக்கியது எந்த நீதிமன்றம்?

மணி அடித்துவிட்டார்கள். மடைக் கதையின் மிச்சத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆடியில் வேலை முடிந்தது. வேலை திருப்தியாக நடந்தது என்று ஊரார் சிலரிடம் கையெழுத்து வாங்க வந்தார்கள். அத்தை தாளை வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். "தண்ணி நிக்கட்டும், போடுறேன்." அதிகாரி ஒரு வாரம் கழித்து வந்தார், பத்து நாள் கழித்து வந்தார், அத்தை அசையவில்லை. அந்த வருடம் பாழாய்ப்போன மழை ஐப்பசியில்தான் வந்தது. ஐப்பசியில்தான் கையெழுத்தும் விழுந்தது.

நன்றி, வணக்கம்.