தட்டடவு தெரிந்த மான்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மானைப் படத்தில் காட்டத் தேவையில்லை. பிரட்றிக் கோட்டைக்குள் நிற்கும், வீதியோரம் படுத்திருக்கும், சந்தைப் பக்கம் வந்து மரக்கறிக் கழிவைத் தின்னும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர்கள் தினமும் காண்கிற உயிர் அது. ஆகவே ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாட்டிய நாடகம் செய்ய நினைத்தபோது, கதை கேட்டு நான் புராணத்துக்குப் போகவில்லை. நகரத்து மான்குட்டி ஒன்று பொலித்தீன் பையைத் தின்றுவிடுகிறது. கூட்டம் அதைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. கதை இவ்வளவுதான்.

முதல்நாள் ஒத்திகையில் வழமைபோல மிருகசீர்ஷ முத்திரை சொல்லிக்கொடுத்தேன். பெருவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்க, நடு மூன்று விரல்களும் முன்னே மடிந்து மான் முகமாகும். எல்லாரும் பிடித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் கையை இறக்கிவிட்டுச் சொன்னது: "ரீச்சர், மான் இப்பிடிச் சும்மா நிக்காது. பயந்தா முதல் காது திரும்பும். பிறகு முன்னங்காலால நிலத்தில தட்டும்."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாள். கழுத்து அசையவில்லை, கண் மட்டும் ஒரு பக்கம் போனது, வலது கால் நிலத்தில் ஒரே ஒரு தட்டு. முப்பது வருடமாக நான் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற தட்டடவு அது; அடவு என்றால் பரதநாட்டியத்தின் அடிப்படை ஆட்ட அசைவு. புள்ளிமான் ஆபத்தைக் கண்டால் உண்மையாகவே அப்படித்தான் காலைத் தட்டித் தன் கூட்டத்துக்கு எச்சரிக்கை கொடுக்கும். அடவைப் பிள்ளைக்குள் திணிக்கத் தேவையில்லை, அதன் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் கிழமை முழுக்க வீட்டுவேலை ஒன்றுதான்: மானைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நடப்பதை ஒருத்தி கொண்டுவந்தாள். கடதாசியை மென்றுகொண்டே ஆட்களைப் பார்க்கிற பார்வையை ஒரு பையன் கொண்டுவந்தான். எங்கள் முதற்காட்சி அதிலிருந்துதான் உருவானது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் நான் வேறுவிதமாகச் செய்தேன். ஒன்றே முக்கால் மணித்தியால இதிகாசக் கதை. பெரிய பிள்ளைகள் ஆடினார்கள், சின்னப் பிள்ளைகளை மரமாக நிறுத்தினேன். முன்வரிசைப் பாயில் இருந்த குழந்தைகள் பாதியிலேயே நித்திரை. முடிந்தபின் ஒரு தாய் வந்து, "என்ர பிள்ளை எதில நிண்டது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையையும் மரமாக நிறுத்தியதில்லை.

பிள்ளைகளை நம்பி மேடையைக் கொடுப்பது புதிய விஷயம் இல்லை. 1892ஆம் ஆண்டு ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், சைக்கோவ்ஸ்கி இசையமைத்த நட்கிராக்கர் என்ற பாலே முதல் தடவை மேடையேறியபோது, கதையின் நடுநாயகமான சிறுமியாக ஆடியது நடனப் பள்ளி மாணவி. எங்கள் நாட்டில் புகழ்பெற்ற நடனக் கலைஞர் சித்ரசேனவின் துணைவியார் வஜிரா, சிறுவர்களுக்கென்றே பாலேக்களை உருவாக்கினார். பெரியவர்களின் ஆட்டத்தைக் குறுக்கிச் சின்னாக்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எட்டு வயது முழங்கால், பாதி மடித்து நிற்கிற அரைமண்டியில் நெடுநேரம் நிற்க முடியாது, நிற்கவைக்கவும் கூடாது. ஆனால் அதே பிள்ளை சட்டென்று ஓடும், சட்டென்று நிற்கும். பெரியவர்களுக்கு வராத வேகம் அது. அதை வைத்தே ஆட்டம் அமைத்தோம். முழு நாடகமும் முப்பத்தைந்து நிமிடம்.

கன்னியாக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. ஏழு என்றதும் மிச்ர சாபு தாளம்தான் மனதில் வந்தது: தகிட தகதிமி, மூன்றும் நாலும் ஏழு. ஏழு பிள்ளைகள் ஏழு கிணறு. எல்லாருக்கும் ஒரே அடவு, ஆனால் முதற் பிள்ளை இளஞ்சூட்டில் மெதுவாக, கடைசிப் பிள்ளை கொதித்துக்கொண்டு. பார்க்க வந்த குழந்தைகளுக்கும் அந்தத் தாளத்தைத் தொடக்கத்திலேயே கைதட்டப் பழக்கிவிட்டோம். ஏழு எண்ணிக்கை கடினம் என்று பெரியவர்கள்தான் சொன்னார்கள், குழந்தைகள் இரண்டாம் முறையே பிடித்துவிட்டார்கள்.

பை தின்னும் இடத்தில் மிருதங்கத்தை நிறுத்தினோம். பாட்டும் இல்லை. குட்டி மெல்லுகிறது, விழுங்குகிறது, அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்து ஒரு சின்னக் குரல், "துப்பு! துப்பு!" என்று கத்தியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முடிவில்தான் எங்களுக்குள் தகராறு. வெந்நீரில் குளித்து மான் பிழைக்க வேண்டும் என்று சின்னவர்கள் நின்றார்கள். அது பொய், பொலித்தீன் வயிற்றில் இருந்தால் மான் சாகும் என்று பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். நான் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏழு கிணறும் குட்டியைச் சுற்றி நிற்க, குட்டி படுத்திருக்கிறது. மிருதங்கம் ஒரே ஒரு தட்டு. அத்தோடு விளக்கு அணைகிறது. அந்தத் தட்டு மானின் கால்தான் என்கிறார்கள் சின்னவர்கள். பெரியவள் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்ததாக மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடப்போகிறோம். மேடை இல்லை, திரை இல்லை. கூத்துக்கு இருப்பதுபோல் சனம் சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரி. அதனால் மான்கள் இனி ஒரு பக்கத்தால் வர முடியாது, நாலு பக்கத்தாலும் சனத்துக்குள்ளால் வர வேண்டும். நாளைக்குப் பின்னேரம் அதைத்தான் ஒத்திகை பார்க்கிறோம்.

வணக்கம்.