சுக்கா கெத்தா: பேர்தான் வினிகர்

வணக்கம் மக்களே! மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், மாமாவின் பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிவதுதான் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், வைக்கும் கொட்டகை. நல்லவேளை, கேமராவுக்கு மூக்கு இல்லை.

இந்த வெள்ளைக் கேனில் இருப்பது பார்மிக் ஆசிட். மலாயில் சுக்கா கெத்தா, அதாவது ரப்பர் வினிகர். பேரைக் கேட்டால் ஊறுகாய்ச் சாமான் மாதிரி இருக்கிறதா? அதுதான் வம்பே. முசுறு எறும்பு கடித்த இடத்தில் எரியுமே, அதுவும் இதே அமிலம்தான். ஆனால் கேனில் 94 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்கத்தான் இது, அதற்கு 2 சதவீதம் போதும். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் சூடேறி முகத்திலேயே தெறிக்கும்.

போன வருஷம் மாமா இதை மினரல் வாட்டர் போத்தலில் மாற்றினார். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. போத்தல் நழுவி முழங்கை வரை கொட்டிவிட்டது. பாட்டி கிச்சாப்போடு (சோயா சாஸ்) ஓடி வந்தார், பக்கத்து வீட்டு அக்கா பற்பசையோடு. ஆளுக்கொரு வைத்தியம்! மாமிதான் ஹோஸைப் பிடித்தார். மோதிரத்தைக் கழற்றி, சட்டையைத் தலைவழியாக உருவாமல் கத்தரியால் வெட்டி, ஓடுகிற தண்ணீரில் அரைமணி நேரம் கையை வைத்திருந்தார். அப்புறம்தான் கிளினிக். கையில் கொப்புளம் வந்தது, வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் தாமதித்திருந்தால் இன்னும் ஆழமாக வெந்திருக்கும்.

கண்ணில் பட்டாலும் தண்ணீர்தான். இமையை விரலால் விரித்துப் பிடித்து, 20 நிமிடமாவது கழுவுங்கள். எரிகிறது என்று நிறுத்தாதீர்கள். சோடா மாவு போட்டு முறிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், ஆசிட் முறியும்போது கிளம்பும் சூடு வேறு சேர்ந்து சுடும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போகிற வழியெல்லாம் இரண்டாவது தடவை வேகும். 999 அழையுங்கள், கேனின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. வெயிலில் கிடந்தால் இந்த ஆசிட் மெதுவாகச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயு விடும், கேன் உப்பும். அதனால் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி இப்போது காலி மினரல் போத்தல் எதைப் பார்த்தாலும் கத்தியால் ஓட்டை போட்டுத்தான் குப்பையில் எறிகிறார். மாமா வாயே திறப்பதில்லை.