பெரிய முடிவா, தினசரிப் பழக்கமா? பினாங்குப் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பினாங்குப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

நல்ல வாழ்வுக்கு வழி ஒரு நாள் எடுக்கும் பெரிய முடிவா, தினமும் செய்யும் சிறு பழக்கமா என்பது தலைப்பு. சிறு பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன். நான் 22 வருஷமாகத் தாதி. அதில் பாதிக்கு மேல் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் காலைக் கழுவிக் கட்டுப் போட்ட வருஷங்கள். அதனால் காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு பெரியவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ரத்தம் சோதிக்க வந்தார். வயது 63. நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் வலது காலுறையின் அடியில் பழுப்பாக ஒரு ஈரம். கழற்றச் சொன்னேன். "காலில் ஒன்னும் வலி இல்ல மிஸ்ஸி" என்றார். கழற்றிப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குண்டூசி, நோட்டீஸ் பலகையில் குத்துவோமே, தலை தட்டையான அந்த ஊசி, தலை வரைக்கும் இறங்கியிருக்கிறது. "இது எப்ப குத்துச்சுங்க ஐயா?" என்று கேட்டேன். "எது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வருஷக் கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்ததில் பாதத்து நரம்பு மரத்துப்போயிருந்தது. ஊசியோடு எத்தனை நாள் நடந்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

கட்டு எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "ஐயா, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் உள்ளங்காலைப் பாருங்கள்." "குனிய முடியலையேம்மா" என்றார். முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஒரு காலுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆறு வருஷமாகச் செய்கிறார். இடையில் ஒரு தடவை புதுச் செருப்பு கடித்துக் கொப்புளம் வந்தது. வந்த அன்று ராத்திரியே கண்ணாடியில் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் நின்றார். ஒரு வாரத்தில் ஆறிப்போனது.

நடுவர் அவர்களே, இந்தப் பெரியவர் வாழ்க்கையில் பெரிய முடிவே எடுக்கவில்லையா? எடுத்தார். விரலை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். அது பெரிய முடிவுதான், தேவையான முடிவுதான். ஆனால் பாக்கி ஒன்பது விரலையும் இன்று வரை காப்பாற்றிக்கொண்டிருப்பது தரையில் கிடக்கிற கண்ணாடி.

எதிரணித் தலைவர் அண்ணன் தைப்பூசத்தை எடுத்துப் பேசினார். "48 நாள் விரதம் என்று ஒருவன் சங்கல்பம் செய்கிறான், தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் ஏறுகிறான், ஒரே முடிவில் ஆளே மாறுகிறான் பாருங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், ஏனென்றால் என் தம்பியும் காவடி எடுக்கிறவன். சரி, அந்த விரதத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். சைவச் சாப்பாடு, அதுவும் அளவாக. பாயில் படுக்கை. சிகரெட் இல்லை, பீர் இல்லை. 48 தடவை அதே குளியல், 48 தடவை அதே பாய். படி ஏறுகிற மூச்சு எந்த நாளிலிருந்து வந்தது? முடிவு எடுத்த அந்த ஒரு நாளிலிருந்தா? அண்ணன் தன் கட்சிக்கு என்று கொண்டுவந்த உதாரணம் முழுக்க எங்கள் கட்சிக்காரர்.

அப்புறம் 49-ஆம் நாள் வருகிறதே, அதை அண்ணன் தொடவில்லை. என் தம்பி கதையைச் சொல்கிறேன். நேர்த்திக்கடன் முடிந்த மறுநாள் சாயங்காலம் அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில், நின்று சிகரெட் பற்ற வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. விரதத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது. உடம்பு அதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-இல் வெளியானது. 96 பேர். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம்: மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமல் தானாகக் கை போகிற நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். சராசரி 66 நாள். ஒருவருக்கு 18 நாளில் வந்துவிடுகிறது, இன்னொருவருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது இந்தக் கணக்கில் நிற்கவில்லை. எனக்குப் பிடித்தது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்றும் அதில் தெரிந்தது.

இப்போது 48-ஐயும் 66-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னும் 18 நாள்! அதைத்தான் தம்பியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் பிடிச்சுக்க வேணாம்டா, ஒன்னை மட்டும் விடாதே. காலைக் குளியலை வைச்சுக்க" என்றேன். வைத்துக்கொண்டான். குளித்துவிட்டு அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பொட்டானிக் கார்டனுக்கு நடக்கப் போனான். 1884-இல் ஆரம்பித்த தோட்டம். அங்கே விடிகாலையில் போய்ப் பாருங்கள், எழுபது வயது சீனத்து அம்மாக்கள் கை வீசி நடப்பார்கள், நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். தம்பி மூன்று வருஷமாக நடக்கிறான். சிகரெட்டை இன்னும் முழுசாக விடவில்லை. அது என் கவலை, மறைக்க மாட்டேன். பாக்கெட் கணக்கில் பிடித்தது இரண்டு மூன்று சிகரெட்டாகக் குறைந்திருக்கிறது.

அடுத்து தே தாரிக், டின் பால் ஊற்றி ஆற்றித் தருகிற நம் தேநீர். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் கலக்குகிறவர் கையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். டின் பால் கரண்டியில் வழிந்து இறங்கும். இரண்டு பெரிய கரண்டி என்றால் சுமார் 40 கிராம். அதில் பாதிக்கு மேல் சீனி, 20 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று! 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது, 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு அப்போது 40 காசு. நல்ல முடிவு, பெரிய முடிவு. ஆனால் அது பாட்டிலிலும் டின்னிலும் வருகிற பானத்துக்கு. மாமாக் கடையில், இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நம் கண் முன்னால் ஆற்றித் தருகிற கிளாசுக்கு எந்த வரியும் வராது. அங்கே "குராங் மானிஸ்", இனிப்பைக் குறையுங்கள், என்று சொல்ல வேண்டியது நம் வாய்தான். அதைத் தினமும் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? அதே 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர். 2023-இல் நாட்டு அளவு 15.6-ஆக இறங்கியது, சந்தோஷம். ஆனால் என் டிரெஸ்ஸிங் அறை வாசலில் நாற்காலி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அதில் உட்கார்ந்திருக்கிற முகங்களில் பாதி நம் முகம். இந்த மண்டபத்தில் முன் வரிசையில் இருக்கிற பத்துப் பேரைப் பார்க்கிறேன், எனக்குப் பேச்சு தடுமாறுகிறது.

எதிரணித் தங்கச்சி ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். "பாயான் லெப்பாசில் ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு ஏது தினசரி? இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. அவர்கள் வேலையை மாற்றுகிற முடிவைத்தான் எடுக்க வேண்டும்" என்றாள். 1972-இலிருந்து அந்தத் தொழிற்பேட்டையில் எத்தனை தமிழ்க் குடும்பம் சோறு தின்றிருக்கிறது! வேலையை மாற்று என்று வாயால் சொல்லிவிடலாம், வீட்டு வாடகையை யார் கட்டுவது? என் பக்கத்து வீட்டுத் தங்கை அங்கேதான் ஷிப்ட் பார்க்கிறாள். அவள் பழக்கத்தைக் கடிகாரத்தில் மாட்டவில்லை. பேக்டரி பஸ்ஸில் மாட்டினாள். பஸ் விட்டு இறங்கினால், காலை ஏழானாலும் ராத்திரி ஏழானாலும், லிப்டுக்குப் போகும் முன் பிளாட்டை இரண்டு சுற்று நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை வேண்டும் என்கிறார்களே, அதில் இது பாதிகூட வராது. அவளுக்கும் தெரியும். ஆனாலும் சுற்று முடித்து மேலே வரும்போது அவள் முகம் வேறு முகமாக இருக்கும். பேக்டரிக் கோபத்தைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறாள், பிள்ளைகளுக்கு அது தெரிகிறது.

உடம்பைப் பற்றியே பேசுகிறேன். மனசுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மத்தியானம் மரம் வெட்டி வந்து குளித்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழ் நேசனை வாய்விட்டுப் படிப்பார். 1924-இல் ஆரம்பித்து 2019 வரை வந்த பத்திரிகை. தினமும் ஒரு செய்தி, ஒரே செய்தி, ஆனால் முழுசாக. படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள். படித்து முடித்ததும் "நீ என்ன நினைக்கிற?" என்று எங்களைக் கேட்பார். ஏழு வயதுப் பிள்ளையிடம் சூயஸ் கால்வாயைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்ட மனிதர் அவர். எதையாவது சொல்ல வேண்டுமே என்று நாங்கள் யோசித்தோம். யோசிக்கக் கற்றுக்கொண்டது அந்த வாசலில்தான். இப்போது என் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசிகள் எல்லாம் முன் அறையில் சார்ஜுக்குப் போகும். மகள் இரண்டு பக்கம் படிப்பாள். அப்புறம் நான் அதே கேள்வியைக் கேட்பேன்.

"அஞ்சிலே வளையாதது ஐம்பதிலே வளையுமா" என்று கடைசியாக ஒரு பழமொழியைப் போட்டார்கள். கண்ணாடியைத் தரையில் வைத்தபோது அந்தப் பெரியவருக்கு 63 வயது, குனியக்கூட முடியாதவர்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் தே வரும் என்றார்கள். ஏற்பாட்டாளர்களிடம் நான் சாயங்காலமே கேட்டுக்கொண்டேன், மறுக்காமல் செய்திருக்கிறார்கள்: இன்றைக்குத் தே ஓ, பால் இல்லாத தேநீர், சீனி தனிக் கிண்ணத்தில். எவ்வளவு போடுவது என்பது உங்கள் கையில் இருக்கும் கரண்டிக்கு. நன்றி, வணக்கம்.